மாமா பார்த்த வட்டம்

போன வருடம் ஒரு மதிலை அழித்துவிட்டேன். 300 மீற்றருக்குக் கிட்ட நீளம், முழங்கால் உயரம், சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டியது. நல்ல காலம், அழித்தது கணினியில். அந்த மலையடிவாரத்தில் அது இன்னும் அப்படியேதான் கிடக்கும்.

யாழ்ப்பாணத்து நெல்லியடியில் எங்கள் வீட்டு மேலறையில் இருந்துகொண்டு நான் செய்யும் வேலை இது. வெளிநாட்டில் எங்கோ ஒரு விமானம் லேசர் அடித்துக்கொண்டே பறக்கும். அது அள்ளி வரும் கோடிக்கணக்கான புள்ளிகள் எனக்கு வந்து சேரும். இது நிலம், இது மரம், இது கட்டடம், இது வழியில் குறுக்கே பறந்த பறவை என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். ஊரில் யாராவது "மகன் என்ன செய்யிறான்?" என்று கேட்டால் "கொம்பியூட்டரில மண் கூட்டுறான்" என்று அம்மா சொல்லுவா. அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

இந்த லைடார் என்கிற சங்கதியின் அடிப்படை சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஒளியைக் கீழே அனுப்பு, திரும்பி வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார், தூரம் தெரிந்துவிடும். கிணற்றுக்குள் கல்லைப் போட்டு, சத்தம் கேட்கும் வரை எண்ணி ஆழம் சொல்வோமே, அந்த மாதிரி. சிக்கல் என்னவென்றால், ஒளி ஒரு நனோ விநாடியில், அதாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், 30 சென்ரிமீற்றர் ஓடிவிடும். போய்த் திரும்புவதால் நேரத்தை ஒரு நனோ விநாடி பிழையாக எண்ணினால் உயரத்தில் 15 சென்ரிமீற்றர் பிழைக்கும். அதோடு விமானம் நேராகவும் பறக்காது. காற்றில் ஆடும், சரியும். 1000 மீற்றர் உயரத்தில் பறக்கிற விமானத்தின் சாய்வை ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு பிழையாகக் கணித்தால், தரையில் புள்ளி 17 சென்ரிமீற்றர் தள்ளி விழும். ஆகவே ஜிபிஎஸ் ஒரு பக்கம், சாய்வை அளக்கும் கருவி இன்னொரு பக்கம் என்று எல்லாம் சேர்ந்துதான் ஒரு புள்ளிக்கு இடம் சொல்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று பிசகினால் அடுத்தடுத்த பறப்புகள் ஒன்றோடொன்று பொருந்தாது. இல்லாத வரப்புகள் வயல் முழுக்க வரிவரியாக வந்து நிற்கும். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை ஒன்று அப்படிப்பட்ட வரிகளைப் பார்த்துவிட்டு "அண்ணா, பழைய வாய்க்கால்கள்!" என்று துள்ளியது எனக்கு ஞாபகம். நானும் ஒரு காலத்தில் துள்ளியவன்தான்.

சரி, மதிலுக்கு வருகிறேன்.

தரையைப் பிரித்தெடுக்கும் மென்பொருளுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: நிலம் மெதுவாகத்தான் ஏறும், மெதுவாகத்தான் இறங்கும். திடீரென்று எழும்புவது எதுவானாலும் நிலத்துக்கு மேலே வந்து குந்திய பொருள். பட்டணத்தில் இது பிழையில்லை. வீடு, லொறி, மாமரம் எல்லாம் கழிந்து தரை மட்டும் மிஞ்சும். அதே அளவுகோலை நான் ஒரு பாலைவனத்து மலையடிவாரத்தில் போட்டேன். அங்கே திடீரென்று எழும்புவது எல்லாம் மனிதன் அடுக்கிய கல். மதில், கற்குவியல், பட்டி என்று எல்லாவற்றையும் துடைத்து எடுத்து, மொழுமொழுவென்று ஒரு வெட்டையை அனுப்பிவைத்தேன். மேற்பார்வை செய்கிறவரிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது: "இந்தப் பகுதியில் வீடும் இல்லை, மரமும் இல்லை, நீ எதை நீக்கினாய்?"

அந்த இடம் எந்த நாட்டில் என்று எழுத ஒப்பந்தம் விடாது. ஆனால் அடிவாரங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான். மலையில் பெய்கிற கொஞ்ச மழை, பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில் கல்லையும் மண்ணையும் விசிறி போல விரித்துப் போட்டுவிட்டு உள்ளே ஊறிப் போய்விடும். மேலே போனால் செங்குத்துப் பாறை, கீழே போனால் உப்பும் மணலும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த விசிறி நிலத்தில்தான் ஆடு மேய்த்தவர்களும் வேட்டைக்காரர்களும் தோட்டம் செய்தவர்களும் தங்கியிருக்கிறார்கள். தங்கி, கையில் கிடைத்த கல்லையே அடுக்கியிருக்கிறார்கள். மலைக்கும் மதிலுக்கும் ஒரே கல், ஒரே நிறம். சாதாரணப் படத்தில் அது தெரியாமல் போவதற்குக் காரணம் இதுதான். காட்டில் லேசரின் வேலை இலைகளுக்கிடையே புகுந்து தரையைத் தொடுவது. பாலையில் புகுவதற்கு இலை இல்லை. அங்கே அதன் வேலை நிறத்தை மறந்து உயரத்தை மட்டும் பார்ப்பது. ஒரு சாண் உயர வித்தியாசம் அதற்குப் போதும்.

பாலையை மேலிருந்து பார்க்கிற பழக்கம் லேசருக்கு வெகுகாலம் முந்தியது. கெய்ரோவுக்கும் பக்தாதுக்கும் இடையே தபால் விமானம் ஓட்டிய பேர்சி மெயிற்லண்ட் என்ற பிரித்தானிய விமானி, கறுப்புப் பாறை வெளியில் பிரம்மாண்டமான கல்வரிசைகளைக் கண்டு 1927இல் எழுதினார். இரண்டு நீண்ட மதில்கள் தூரத்திலிருந்து நெருங்கி வந்து ஒரு பட்டியில் முடியும். மான்களைத் துரத்தி உள்ளே தள்ளுகிற பொறி அது. மேலிருந்து பார்த்தால் பட்டம் மாதிரி இருப்பதால் இன்று அவற்றைப் பாலைப் பட்டங்கள் என்கிறார்கள். யார் கட்டினார்கள் என்று கேட்டதற்கு அங்கிருந்த பதுவீ என்ற நாடோடி மக்கள் சொன்னது "பழைய மனிதர்களின் வேலை". எங்கள் ஊரில் பழைய மண்டபம் ஒன்றைக் காட்டிக் கேட்டாலும் "உது அந்தக் காலத்து ஆக்கள் கட்டினது" என்றுதான் வரும்.

புள்ளிகளைக் கழித்து எடுத்த நிலத்தை அப்படியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெறும் சாம்பல். அதற்கு ஒரு பொய்ச் சூரியனை வைத்து நிழல் விழுத்த வேண்டும். வழக்கமாக வைப்பது வடமேற்கில், 315 பாகையில். நிழல் கீழே விழுந்தால்தான் மேட்டை மேடாகக் கண் எடுக்கும். தெற்கில் விளக்கு வைத்தால் குழி மேடாகும், மேடு குழியாகும். எத்தனை தடவை சொன்னாலும் கண் கேட்காது. இன்னொன்றும் உண்டு. வெளிச்சம் போகிற திசையிலேயே ஓடுகிற மதிலுக்கு நிழல் விழாது, ஆகவே அது படத்தில் இருக்காது. அதனால் சூரியனைச் சுற்றிச் சுற்றி நகர்த்திப் பார்க்க வேண்டும். இன்னொரு வழியும் இருக்கிறது: ஒவ்வொரு இடத்திலும் நின்று நிமிர்ந்தால் வானம் எவ்வளவு தெரியும் என்று கணக்கிடுவது. குழிக்குள் நிற்பவனுக்கு வானம் குறைவு, அந்த இடம் கறுப்பாகும். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். கறுப்புக் கறுப்பாகக் குழிகள் வந்து நிற்கும்போது, நிலம் வாய் திறந்து இருக்கிற மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு நாள், மதிலைத் திருப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது, வட்டங்கள் வந்தன. ஒரே வரிசையில், சரிவை ஒட்டி, கிட்டத்தட்ட ஒரே இடைவெளியில், நடுவில் கறுப்பும் சுற்றிவர மேடுமாக முப்பது நாற்பது வட்டங்கள். நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். தேத்தண்ணிக் கோப்பையோடு மாமா மேலே ஏறி வந்தார்.

பெரிய மாமாவுக்கு 74 வயது. சொந்த ஊர் நாகர்கோவில். வடமராட்சி கிழக்கில், கடலுக்கும் கடல்நீரேரிக்கும் நடுவில், மணல் மேல் இருக்கிற ஊர். இளவயதில் அலவாங்கும் கையுமாக யாழ்ப்பாணம் முழுக்கக் கிணறு வெட்டினவர். இடம்பெயர்ந்து எங்களோடு வந்தவர் பிறகு போகவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"கிணறு வெட்டின மண் எல்லே தம்பி."

"எப்படி மாமா?"

"வேற எப்படி வட்டமா மண் விழும்? நடுவில நிண்டு நாலு பக்கமும் கொட்டினால் உப்பிடித்தான் வரும்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஒரு ஊருக்கு என்னத்துக்கு இவ்வளவு கிணறு? அதுவும் கோடு கீறின மாதிரி" என்றார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கரேஸ், கனாத் என்று படித்திருக்கிறேன். அடிவாரத்தில் நீர் இருக்கிற ஆழம் வரைக்கும் ஒரு தாய்க் கிணறு. அங்கிருந்து மிக இலேசான சரிவில் நிலத்துக்குக் கீழே ஒரு சுரங்கம். இறைப்பு இல்லை, மோட்டர் இல்லை, தண்ணீர் தானாக நடந்து கீழே இருக்கிற ஊரில் வெளியே வரும். இரானில் இப்படிப்பட்ட கனாத்துகளை 2016இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. கோனாபாத் என்ற இடத்தில் தாய்க் கிணறு 300 மீற்றருக்கு மேல் ஆழம் என்பார்கள். மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன். சுரங்கம் என்றதுமே மிச்சத்தை அவர் சொல்லிவிட்டார்.

"அப்ப உந்த ஓட்டைகள் மண் தூக்க. பிறகு உள்ளுக்கு நிக்கிறவனுக்கு மூச்சு வேணும். சுத்திவர மண்ணை விட்டது வெள்ளம் உள்ள போகாமல் இருக்க."

மூன்றும் சரி. நீரியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அரைக் கோப்பை தேத்தண்ணிக்குள் சொல்லி முடித்தார். ஒரு வட்டத்தின் மேல்பக்க விளிம்பு அரித்துப் போயிருந்ததைக் காட்டி, "உது தூர்ந்து போச்சு, இதுக்குக் கீழ தண்ணி போயிராது" என்றும் சேர்த்தார். நான் அறிக்கையில் அதையும் எழுதினேன், யார் சொன்னது என்று எழுதவில்லை. அது இப்போதும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு மாமா ஒவ்வொரு நாளும் மேலே வரத் தொடங்கினார். "இண்டைக்கு என்ன பாலைவனம்?" என்று கேட்டபடி. உஸ்பெகிஸ்தான் மலையில், கிட்டத்தட்ட 2000 மீற்றர் உயரத்தில், ட்ரோனில் லைடார் கட்டிப் பறந்து துகுன்புலாக் என்ற இடைக்கால நகரத்தின் அமைப்பை எடுத்த படத்தை 2024இல் வெளியிட்டார்கள். 120 ஹெக்டயர், மதில், கோபுரம், தெரு எல்லாம் புல்லுக்குக் கீழே. அதைக் காட்டினேன். கம்போடியாவின் அங்கோர் படத்தையும் காட்டினேன். 2012இல் டேமியன் எவன்ஸ் என்ற தொல்லியலாளரின் குழு ஹெலிகொப்டரில் பறந்து 370 சதுர கிலோமீற்றரை அளந்தது. அதில் குலேன் மலை மேல் இருந்த மகேந்திரபர்வதம் என்ற பழைய நகரத்தின் தெருக்கள் கோடு பிடித்த மாதிரி வந்தன. அந்த மலையில் நடந்து தேடுவது லேசான காரியமாக இருக்கவில்லை. போர்க்காலத்துக் கண்ணிவெடிகள் கிடந்தன. இதைச் சொன்னதும் மாமா படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப எங்கட ஊரையும் மேல நிண்டு பாக்கலாமே?"

பார்த்தோம். அது தற்செயலாக வாய்த்தது. நில அளவை செய்யும் நண்பன் ஒருவன், அனுமதி எல்லாம் எடுத்து, அந்தக் கரையில் ஒரு காணிக்குச் சமவுயரக் கோடு கீற ட்ரோன் பறக்கவிட்டான். புள்ளிகளைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தான். கூலி, ஒரு கூழ் விருந்து. காணியின் ஓரத்தில் மிச்சமாக விழுந்த ஒரு துண்டு நாகர்கோவில் பக்க மணல்வெளி. ட்ரோன் தாழப் பறப்பதால் ஒரு சதுர மீற்றருக்கு 200 புள்ளிகளுக்கு மேல் இருந்தன. பாலைவனத்தில் எனக்கு எட்டோ பத்தோ கிடைத்தால் பெரிய விஷயம்.

ஆனால் இங்கே வேறொரு தொல்லை. பனை நல்ல மரம், லேசரை வழிவிட்டுக் கீழே அனுப்பும். சவுக்கும் பரவாயில்லை. பற்றைதான் சனியன். ஒரு லேசர்த் துடிப்புக்கும் ஒரு நீளம் உண்டு. முழங்கால் உயரப் பற்றையில் இலையிலிருந்து வரும் எதிரொளியும் தரையிலிருந்து வரும் எதிரொளியும் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் வரும். நூறடிக் காட்டை ஊடுருவும் கருவி எங்கள் ஈச்சம்பற்றையிடம் தோற்றுப் போகிறது. இரண்டு கிழமை இராத்திரி இருந்து கையால் பிரித்தேன்.

சூரியனைத் தாழ இறக்கினேன். யாழ்ப்பாணம் போன்ற தட்டை நிலத்துக்கு, தரையிலிருந்து 45 பாகை உயரத்தில் நிற்கிற சூரியன் சரிவராது, பொழுது சாயும் நேரத்துச் சூரியன் வேண்டும். நிழல்கள் நீண்டன.

முதலில் வந்தது போர்தான். 2000ஆம் ஆண்டிலிருந்து 2009 தொடக்கம் வரை முகமாலை, நாகர்கோவில் என்று நீண்ட முன்னரங்கக் கோடு அந்தப் பக்கத்தால்தான் போனது. மண் அணை ஒன்று நீளமாகப் படுத்திருந்தது. அதன் பின்னால் வளைந்து வளைந்து ஓடும் பதுங்கு அகழி. ஓரிடத்தில் குண்டு விழுந்தால் வெடியின் வீச்சு நேராக ஓடாமல் இருக்க அப்படி வெட்டுவார்கள். சதுரக் குழிகள். கொஞ்சம் தள்ளி, சனங்கள் தங்கள் வளவுகளில் வெட்டிய 'ட' வடிவப் பங்கர்கள், பனங்குற்றிக் கூரை இற்று உள்ளே இறங்கியபடி. அந்த 'ட'வை எந்த நாட்டு மென்பொருளும் அடையாளம் காணாது. எனக்கு அது எழுத்துப் பழகமுன் தெரிந்த வடிவம்.

என்னை யோசிக்க வைத்தது அந்த அணையின் தோற்றம். பதினைந்து, இருபது வருட வயதுதான். ஆனால் மணல் வழுகி, சோழகமும் வாடையும் தடவித் தடவி, பழைய குளக்கட்டு ஒன்று ஆயுள் முடிந்து படுத்த மாதிரி இருந்தது. நான் முன்பு அழித்த பாலைவன மதிலோ நேற்றுக் கட்டின மாதிரி விறைப்பாக நின்றது. மழையில்லாத கல்லுக்கு வயது ஏறாது, மணலுக்கு ஒரு மாரியிலேயே ஏறிவிடும். படத்தைப் பார்த்து வயது சொல்கிறவர்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. எது எதை வெட்டிக்கொண்டு போகிறது என்று பார்த்து, இது முந்தி, அது பிந்தி என்று மட்டும் சொல்லலாம்.

அணைக்குத் தெற்கே ஒரு பள்ளம். 12 மீற்றருக்கு 9 மீற்றர், மூலைகள் மழுங்கி, 40 சென்ரிமீற்றர் ஆழம். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக இறங்கும் சரிவு. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. வசபன் என்ற அரசனின் பெயர் பொறித்த பொற்சாசனம் 1936இல் கிடைத்த வல்லிபுரம் இதே கரைவரிசையில்தான் இருக்கிறது. மணலுக்குள் என்னென்ன இல்லை! கேணி என்று முடிவு கட்டி, படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு மாமாவைக் கூப்பிட்டேன்.

"உதோ? உது புகையிலைத் தோட்டத்துத் துரவு. எங்கட அப்பு வெட்டினது."

"கேணி மாதிரி இருக்கே மாமா, படி இறங்கின மாதிரி…"

"படியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பட்டையோட இறங்கித் தண்ணி அள்ள வழி வேண்டாமோ? சின்னனில நானே எத்தினை நடை இறங்கியிருப்பன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மாமாவுக்கு மலர்ந்துவிட்டது. அந்தத் துரவை வைத்து இடம் பிடித்து, இதில் இன்னார் வீட்டு வேலி, இதில் வைரவர் கோயிலடி, இந்த வளைவில் ஒழுங்கை திரும்பும் என்று விரலால் போய்க்கொண்டே இருந்தார். நான் சாம்பல் நிறத்தில் ஒன்றும் இல்லை என்று விட்ட இடங்களில் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். மண் அணைக்கு மேலால் அவர் விரல் ஏறி இறங்கியது, அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "உது பிறகு வந்தது" என்றார்.

ஒன்றே ஒன்று அவருக்கும் பிடிபடவில்லை. துரவுக்குக் கிழக்கே, கரைக்குச் சமாந்தரமாக, ஒரு விரல் தடவின மாதிரி ஒரு தாழ்வான கோடு. அகழி அதை வெட்டிக்கொண்டு போகிறது. மாமா சொன்ன வேலியும் அதற்கு மேலாலேதான் போயிருக்கிறது. ஆக, இரண்டுக்கும் முந்தியது. பழைய வண்டிப்பாதையாக இருக்கலாம், கடல் முன்பு நின்ற கரையாகவும் இருக்கலாம். நியூ மெக்சிகோ பாலையில் சாக்கோ மக்கள் போட்ட அகலமான வீதிகளும் தரையில் நின்று பார்த்தால் தெரியாத இப்படிப்பட்ட தாழ்வுகள்தான். லைடார்தான் அவற்றைத் திரும்பக் கோர்த்தது. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "எனக்குத் தெரியாது தம்பி" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது குறைவு.

படத்தை இங்கே போடுங்கள் என்று கேட்கப் போகிறீர்கள். போடமாட்டேன். புதையல் தோண்டுகிறவர்களுக்கு ஒரு கறுப்பு வட்டமும் ஒரு ஜிபிஎஸ் எண்ணும் போதும். இரவோடிரவாகக் கிண்டிவிட்டுப் போவார்கள். அது ஒரு காரணம். மற்றது, தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் பக்கத்துச் சனம் காணி போய்விடுமோ என்று முதலில் பயப்படுகிறது. பல வருடம் அலைந்து இப்போதுதான் வளவுக்குத் திரும்பியவர்களிடம் போய், உங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில் ஒரு கோடு தெரிகிறது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கோட்டை முறையாகப் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் மட்டும் காட்டியிருக்கிறேன்.

மாசியில் மாமாவை ஏற்றிக்கொண்டு போனேன். கண்ணிவெடி அகற்றி ஆட்களுக்குக் கையளித்த பகுதிதான். ஆனாலும் மாமா மாடு நடந்த தடத்தை விட்டு ஓரடி விலகவில்லை, என்னையும் விலக விடவில்லை. கைத்தொலைபேசியில் படத்தை வைத்து நான் இடம் பிடித்தேன். அவர் ஒரு பனையைப் பார்த்துப் பிடித்தார். அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஒன்றும் இல்லை. அடம்பன் கொடி, எருக்கலை, ஆட்டுப் புழுக்கை. 40 சென்ரிமீற்றர் பள்ளம் கணினியில் கிடங்கு மாதிரி இருந்தது, நேரில் நின்றால் நான் அதற்குள் நிற்கிறேன் என்றே தெரியவில்லை. மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டினார். சரிவு இருக்கும் என்று படம் சொன்ன பக்கத்தால் இறங்கி நடுவில் குந்தி, கையால் மணலை விறாண்டத் தொடங்கினார். முழங்கை அளவுக்குப் போனதும் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் தோண்டிவிட்டுக் கையை எடுத்தார். பூவல் மாதிரி ஒரு சின்னக் கிடங்கு. அடியில் மெல்ல மெல்லக் கலங்கல் ஊறி வந்தது. தெளியட்டும் என்று இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு ஒரு விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.